'எக்ஸ்ப்ளெயின் மி' தப்பாம், 'டெல் மி' மட்டும் எப்படி சரி? இதுக்கு ரூல் இருக்கா, இல்ல மனப்பாடம்தானா?

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:

வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு சந்தேகம், இங்க கேட்டா யாராவது தெளிவா சொல்லுவீங்கன்னு நம்பி போடுறேன். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், நாலு வருஷம் ஆச்சு. ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம், வேலைக்கு வந்தப்புறம்தான் இங்கிலீஷ்ல மெயில் எழுதவே பழகினேன், இப்ப சரக்கு வாங்குற பையருக்கு மட்டும் ஒரு நாளைக்கு பதினஞ்சு மெயில் போகுது, போன்லயும் பேசிடுவேன்.

போன வாரம் ஒரு ஆர்டர்ல அப்ரூவ் ஆன லேப் டிப் (முதல்ல சின்னத் துண்டுல சாயம் போட்டுக் காட்டுற மாதிரி) ஷேடும் பல்க்ல, அதாவது மொத்தமா வந்த துணி ஷேடும் ஒத்துப்போகல. சாயம் போடுற டையிங் யூனிட்டுக்கு நேர்ல போய் பேசிட்டு வந்து பையருக்கு மூணு வரி மெயில் டிராஃப்ட் பண்ணி சீனியர்கிட்ட காட்டினேன். முதல் வரி, 'தி டையிங் யூனிட் எக்ஸ்ப்ளெயின்ட் மி தட் ரீடையிங் இஸ் நீடட்'. ரெண்டாவது, 'தே இன்ஃபார்ம்ட் தட் இட் வில் டேக் த்ரீ டேஸ்'. மூணாவது, 'ப்ளீஸ் சஜஸ்ட் மி ஹவ் டு ப்ரொசீட்'.

அவங்க பேனா எடுத்து மூணு வரிலயும் கை வச்சாங்க. முதல் வரில 'மி'க்கு முன்னாடி ஒரு 'டு' சேர்த்தாங்க. ரெண்டாவதுல இல்லாத 'அஸ்'ஸை புதுசா கொண்டு வந்து வச்சாங்க. மூணாவதுல இருந்த 'மி'யை அடிச்சே விட்டாங்க. மூணுமே ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்ற வார்த்தைதானே, ஒண்ணுல சேர்க்கணும், ஒண்ணுல நடுவுல 'டு' போடணும், ஒண்ணுல எடுக்கணும்னா நான் எதை வச்சு முடிவு பண்றது? ஏன்னு கேட்டேன், 'அது அப்படித்தான், படிக்கப் படிக்க வரும்'னு சொன்னாங்க. நல்லவங்க, என்மேல அக்கறை உள்ளவங்க, ஆனா அந்த பதில் எனக்குப் போதல. 'ஹி டோல்ட் மி' சரி, 'ஹி செட் மி' தப்பு, அது ஸ்கூல்லயே தெரியும். மத்ததுக்கெல்லாம் என்ன பண்றது? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

நல்ல கேள்விம்மா. கவர்மெண்ட் ஸ்கூல்ல 31 வருஷம் இங்கிலீஷ் எடுத்தவன் நான், இந்தத் தப்பை எத்தனை ஆயிரம் பேப்பர்ல சிவப்பு மைல வட்டம் போட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா ஏன்னு கேட்ட பிள்ளைங்க ரொம்பக் கம்மி.

முதல்ல தமிழ்ல என்ன நடக்குதுன்னு பாரு. நமக்கு 'னு'ன்னு ஒண்ணு இருக்கு, எழுத்துல 'என்று'. வரேன்னு சொன்னான், வரேன்னு எழுதினான், வருவான்னு நினைச்சேன், வரமாட்டானோன்னு பயந்தேன், எந்த வினையா இருந்தாலும் இந்த 'னு' போய் ஒட்டிக்கும். யார்கிட்ட சொன்னான்ங்கிறது தேவைன்னா 'என்கிட்ட'ன்னு முன்னாடி போடுவோம், தேவையில்லன்னா விட்டுடுவோம், விட்டதால வாக்கியம் உடையாது. அதாவது தமிழ்ல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் வினை கோவிச்சுக்காது. இந்தப் பழக்கத்தை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டு போறோம், அங்க ஒவ்வொரு வினையும் தனக்குப் பக்கத்துல யார் உக்காரணும்னு தானே முடிவு பண்ணுது.

உன் மூணு வரியையே எடுத்துக்க. 'இன்ஃபார்ம்' ஆள் இல்லாம நகராது. இன்ஃபார்ம் மி தட், இன்ஃபார்ம் அஸ் தட், இன்ஃபார்ம் தி பையர் தட். ஆளை எடுத்துட்டு 'இன்ஃபார்ம்ட் தட்'னு எழுதினா யாருக்குன்னு ஒரு ஓட்டை தெரியும். 'டெல்' இதே சாதி, 'ரிமைண்ட்', 'அஷ்யூர்', 'கன்வின்ஸ்', 'நோட்டிஃபை' எல்லாம் கூட. இதுக்கெல்லாம் வினை, உடனே ஆள், அப்புறம் 'தட்'. நடுவுல 'டு' கிடையாது, 'டோல்ட் டு மி தட்'டும் தப்பு.

'எக்ஸ்ப்ளெயின்' அப்படி இல்ல. அதுக்கு விஷயம்தான் முக்கியம், ஆளைச் சேர்த்தா 'டு'ங்கிற படி வழியாதான் ஏறி வரணும். எக்ஸ்ப்ளெயின்ட் தட்னு ஆளே இல்லாமலும் எழுதலாம், எக்ஸ்ப்ளெயின்ட் டு மி தட்னும் எழுதலாம், எக்ஸ்ப்ளெயின்ட் மி தட் மட்டும் ஆகாது. சே, மென்ஷன், அனௌன்ஸ், அட்மிட், கம்ப்ளெயின், சஜஸ்ட் எல்லாம் இந்தப் பக்கம். அதனாலதான் உன் சீனியர் 'சஜஸ்ட் மி'ல மியை அடிச்சாங்க, 'ப்ளீஸ் சஜஸ்ட் ஹவ் டு ப்ரொசீட்'னாலே போதும், மெயிலை அனுப்புறது நீதான்னு அவங்களுக்குத் தெரியும்ல.

மூணாவதா கொஞ்சம் தாராள மனசுக்காரங்க இருக்காங்க. ப்ராமிஸ், வார்ன், ஷோ. ஹி ப்ராமிஸ்ட் தட், ஹி ப்ராமிஸ்ட் மி தட், ரெண்டும் சரி.

இங்க ஒரு இடத்துல நிறைய பேர் வழுக்கி விழுறாங்க, அதையும் சொல்லிடுறேன். 'எக்ஸ்ப்ளெயின் தி டிலே டு தி பையர்' அப்படின்னு எழுதுறப்ப ஆள் கடைசில வர்றார். அதையே 'தட்' வச்சு எழுதுறப்ப 'எக்ஸ்ப்ளெயின் டு தி பையர் தட் தி யார்ன் இஸ் லேட்' அப்படின்னு ஆள் முன்னாடி வந்துடுவார். ஏன்னா 'தட்'டுக்கு அப்புறம் வர்றது நீளமான ரயில் மாதிரி, இங்கிலீஷ்ல நீளமானதைக் கடைசில விட்டுடுவாங்க. நாம தமிழ்ல 'நூல் லேட்டாகுதுன்னு' முன்னாடியே சொல்லி முடிச்சு வினையைக் கடைசில வைக்கிறோம், அவங்களுக்கு வினை முதல்ல, 'தட்' ரயில் கடைசில. இந்த வரிசை மனசுல உக்காந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

கோவை_பையன்:

எனக்கு ஒண்ணு தோணுது, தப்பா நினைக்காதீங்க. 'சஜஸ்ட் மி'ன்னு இந்தியா முழுக்க எழுதுறாங்க, டெல்லில எழுதுறாங்க, ஹைதராபாத்ல எழுதுறாங்க, எல்லாருக்கும் புரியுது. புரிஞ்சா போதாதா? வெள்ளைக்காரன் எழுதுற மாதிரியே எழுதணும்னு ஏன் நம்மளை நாமே கஷ்டப்படுத்திக்கணும்? எங்க ஆபீஸ்ல 'கைண்ட்லி இன்டிமேட் மி'ன்னு தினமும் வருது, யாரும் குழம்பினது இல்ல.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:

வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. ஆள் இல்லாம நகராதது, 'டு' படி வழியா ஏறுறதுன்னு நீங்க பிரிச்சதும் எனக்கு அந்த பேனா திருத்தம் மூணும் ஒரே நேரத்துல புரிஞ்சிடுச்சு.

கோவை அண்ணா, நீங்க சொல்றது நமக்குள்ள சரிதான், நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனா ஒரு அனுபவம் சொல்றேன். போன வருஷம் நூல் மில்லுல மேனேஜர் போன்ல 'நான் திங்கக்கிழமை அனுப்பிடுறேன்'னு சொன்னார். நான் பையருக்கு எழுதினது, 'தி மில் மேனேஜர் டோல்ட் மி தட் ஐ வில் சென்ட் ஆன் மண்டே'. வார்த்தைக்கு வார்த்தை அவர் சொன்னதுதானே? பையர் படிச்சது என்ன தெரியுமா, நான் திங்கக்கிழமை சாம்பிள் அனுப்பப் போறேன்னு. செவ்வாய்க்கிழமை கூரியர் நம்பர் கேட்டு மெயில் வருது, எனக்கு ஒண்ணுமே புரியல, அவங்களுக்குக் கோபம், எனக்கு அழுகை. 'டோல்ட் மி தட்' எல்லாம் சரியாதான் போட்டிருந்தேன், அந்த 'ஐ' யாரைக் குறிக்குதுங்கிறதுலதான் மொத்தமும் போச்சு. புரிஞ்சா போதும்னு நானும் சொல்லுவேன், புரியாமப் போற இடம் எதுன்னு முன்கூட்டியே தெரிய மாட்டேங்குதே, அதான் பயமா இருக்கு.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

அம்மா, நீ சொன்ன இந்த மில்லு கதை என் முழு விளக்கத்தை விடப் பெருசு. இதுதான் 'னு'வோட குணம். 'என்'னுங்கிறது பழைய வினை, சொல்றதுன்னு அர்த்தம், 'என்றான்'னா சொன்னான். அதுலேர்ந்து வந்ததுதான் 'என்று'. அதனால நமக்கு 'னு'வுக்கு முன்னாடி இருக்குறது அந்த ஆளோட வாய்ல வந்த பேச்சு மாதிரியே நிக்கும், 'நான் வரேன்னு சொன்னார்'ல அந்த 'நான்' அவர்தான்னு தமிழ்க் குழந்தைக்குக் கூடத் தெரியும். இங்கிலீஷ் 'தட்' அப்படி இல்ல, அது வந்துட்டா அதுக்கு அப்புறம் இருக்குறதெல்லாம் எழுதுறவ பார்வைக்கு மாறிடணும். 'ஐ' ஆனது 'ஹி' ஆகணும், 'வில்' ஆனது பெரும்பாலும் 'வுட்' ஆகணும். 'ஹி டோல்ட் மி தட் ஹி வுட் சென்ட் இட் ஆன் மண்டே'. ரிப்போர்ட்டட் ஸ்பீச்னு பத்தாம் கிளாஸ்ல மார்க்குக்காக மாத்தி மாத்தி எழுத வச்சோம், இதுக்காகத்தான் மாத்துறோம்னு ஒரு கூரியர் நம்பர் கதை சொல்லி நடத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கோவைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர் இங்கிலீஷை நான் குறைச்சுப் பேசமாட்டேன், நமக்குள்ள அது நல்லா ஓடுற வண்டி. ஆனா 'இன்டிமேட்'டை எடுத்துக்க, இந்தியாக்கு வெளில அந்த வினைக்கு ஜாடையா உணர்த்துறதுன்னுதான் முதல்ல அர்த்தம் வரும், அதுவும் 'டு' வழியாதான் ஆளைச் சேர்க்கும். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் 'கைண்ட்லி இன்டிமேட் மி'ன்னு படிச்சா ஒரு நிமிஷம் நின்னுதான் போவார். காசு, தேதி, சரக்கு சம்பந்தப்பட்ட மெயில்ல அந்த ஒரு நிமிஷம் வேண்டாமேன்னுதான் சொல்றேன்.

ஜெர்மனி_தமிழச்சி:

இந்தத் திரியைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நான் ஏழு வருஷமா ஜெர்மனில நர்ஸா வேலை பாக்குறேன், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தங்கச்சி, இது தமிழ் மீடியத்துல படிச்சதால வந்த குறை இல்ல, அதை முதல்ல மனசுல போட்டுக்கோ.

ஜெர்மன்ல 'எர் ஹாட் மியர் கெசாக்ட், தாஸ்'னா அவர் எனக்குச் சொன்னார்னு அர்த்தம். 'எர் ஹாட் மியர் எர்க்ளேர்ட், தாஸ்'னா எனக்கு விளக்கினார். 'சே'வும் 'எக்ஸ்ப்ளெயின்'னும் இங்க ஒரே மாதிரி, ரெண்டுக்கும் அதே 'மியர்', நம்ம 'எனக்கு' மாதிரி நாலாம் வேற்றுமை. அதனால இங்க கூட வேலை பாக்குற ஜெர்மன்காரங்க இங்கிலீஷ் பேசுறப்ப 'எக்ஸ்ப்ளெயின் மி'ன்னு கூசாம சொல்லுவாங்க. எங்க வார்டுல ஸ்பெயின்லேர்ந்து வந்த பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளும் அதேதான், அவங்க மொழில 'மே திஹோ கே', 'மே எக்ஸ்ப்ளிகோ கே'ன்னு ரெண்டுக்கும் ஒரே 'மே'. பிரெஞ்சும் அப்படித்தான். ஆக மொத்தம் உலகத்துல பாதிப் பேர் இங்கிலீஷ்ல விழுற அதே குழியிலதான் நீயும் விழுந்திருக்க.

இன்னொண்ணும் சொல்லணும். இங்கிலீஷ்காரங்க வீட்டுச் சின்னக் குழந்தைங்களே 'சே மி'ன்னு சொல்லிட்டுதான் அப்புறம் மாத்திக்குதுங்க. 'டெல் மி', 'ஷோ மி', 'கிவ் மி'ன்னு கேட்டுட்டு 'சே மி'யும் இருக்கும்னு அதுங்களா கணக்குப் போடுதுங்க. நீ போட்ட கணக்கும் அதே கணக்குதான், அறிவுள்ள கணக்கு.

நான் ஜெர்மன் கத்துக்கிட்டப்போ எங்க டீச்சர் ஒரு வினையைத் தனியா எழுதவே விடமாட்டார், கூட யார் வர்றாங்களோ அவங்களோட சேர்த்துதான் நோட்ல எழுதணும். அதே மாதிரி 'எக்ஸ்ப்ளெயின்'னு எழுதாத, 'எக்ஸ்ப்ளெயின் டு சம்படி தட்'னு முழுசா ஒரே வார்த்தை மாதிரி எழுதி வை, வாய்விட்டு சொல்லிப் பாரு. ரெண்டு மாசத்துல 'டு' இல்லாம சொன்னா உன் வாய்க்கே உறுத்தும்.

மொழியியல்_மாணவன்:

எம்.ஏ. மொழியியல் படிக்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, அதனால நீளமா எழுதினா மன்னிச்சிடுங்க.

அக்கா கேட்ட 'ரூல் இருக்கா மனப்பாடமா'ங்கிற கேள்விக்கு என் பதில், பாதிக்கு மேல காரணம் இருக்கு, மிச்சத்துக்குப் பழக்கம்தான். முதல் காரணம் வரலாறு. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சப்புறம் பிரெஞ்சு வழியாவும் நேரா லத்தீன்லேர்ந்தும் வார்த்தைங்க வந்து குவிஞ்சுது. கிவ், டெல், ஷோ, சென்ட், டீச் எல்லாம் பழைய வீட்டு வார்த்தை, அதுக்குப் பின்னாடி ஆளை நேரா வைக்கலாம். எக்ஸ்ப்ளெயின், சஜஸ்ட், மென்ஷன், அனௌன்ஸ், டொனேட் எல்லாம் வந்து சேர்ந்த வார்த்தை, அதுங்க ஆளை 'டு' போட்டுதான் சேர்த்துக்குது. 'கிவ் மி' வரும், 'டொனேட் மி' வராது, ரெண்டும் கொடுக்குறதுதான். ஆனா இதை மட்டும் நம்பிடாதீங்க, 'சே' பழைய வார்த்தை, அது ஆளை ஏத்துக்காது, 'இன்ஃபார்ம்' வந்த வார்த்தை, அது ஆள் இல்லாம நிக்காது.

அதனால ரெண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது, அர்த்தம். 'டெல்', 'இன்ஃபார்ம்', 'ரிமைண்ட்', 'கன்வின்ஸ்', 'அஷ்யூர்' இதெல்லாம் கேக்குறவர்கிட்ட ஒரு மாற்றம் நடக்குறதைச் சொல்லுது. அவருக்குத் தெரியாதது தெரிஞ்சுது, மறந்தது ஞாபகம் வந்துச்சு, நம்பாதவர் நம்பினார். ஆளே இல்லன்னா வினை யார்மேல வேலை செய்யும்? 'சே', 'எக்ஸ்ப்ளெயின்', 'மென்ஷன்', 'அட்மிட்' இதெல்லாம் பேசுறவர் பக்கம் நின்னு, அவர் வாய்லேர்ந்து என்ன வந்துச்சு, விஷயத்தை எப்படி எடுத்து வச்சார்னு சொல்லுது. கேக்குறவர் அங்க இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. 'விஸ்பர்', 'ஷௌட்' கூட இப்படித்தான், 'ஷி விஸ்பர்ட் டு மி தட்'.

இதுக்குத் தமிழ்லயே சாட்சி இருக்கு. தமிழ்ல வினைக்கு எல்லாம் ஒண்ணுன்னு வாத்தியார் ஐயா சொன்னதை நான் மரியாதையோட கொஞ்சம் திருத்துறேன். 'என்னை நம்ப வச்சார்', 'என்னை எச்சரிச்சார்', இங்க 'என்னை'. 'என்கிட்ட ஒத்துக்கிட்டார்', 'என்கிட்ட குறை சொன்னார்', இங்க 'என்கிட்ட'. 'எனக்கு விளக்கினார்', இங்க 'எனக்கு'. 'எனக்கு எச்சரிச்சார்'னு நாம யாரும் சொல்றதில்ல, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்ல. 'என்னை' வர்ற இடத்துல இங்கிலீஷும் பல நேரம் ஆளை நேரா வைக்குது, கன்வின்ஸ் மி, வார்ன் மி. ஆனா முழுசா பொருந்தாது, 'எனக்கு ஞாபகப்படுத்தினார்'னு நாம சொல்றோம், அவங்க 'ரிமைண்டட் மி'ன்னு நேரா வைக்கிறாங்க. அதனால இதை ஊன்றுகோலா வச்சுக்கலாம், காலா வச்சுக்க முடியாது.

ஒரு சுலபமான சோதனை சொல்றேன், எனக்கு எப்பவும் கைகொடுக்குறது. வாக்கியத்தைச் செயப்பாட்டுவினைக்குத் திருப்பி 'ஐ வாஸ்'னு ஆரம்பிச்சுப் பாருங்க. 'ஐ வாஸ் டோல்ட் தட்', 'ஐ வாஸ் இன்ஃபார்ம்ட் தட்', 'வி வேர் அஷ்யூர்ட் தட்', 'வி வேர் வார்ன்ட் தட்', நல்லா ஓடுது, நீங்களே எங்கயாவது படிச்சிருப்பீங்க. 'ஐ வாஸ் செட் தட்', 'ஐ வாஸ் சஜஸ்டட் தட்'னு சொல்லிப் பாருங்க, ஓடாது. அங்க 'இட் வாஸ் சஜஸ்டட் டு மி தட்', 'இட் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மி தட்'னு 'இட்'டை முன்னாடி நிறுத்தணும். ஆளை முதல் இடத்துக்குத் தூக்கிட்டு வர முடியுதுன்னா ஆளை வினைக்குப் பக்கத்துலயே நேரா வைக்கலாம்னு அர்த்தம்.

மெட்ராஸ்_ப்ரூஃப்ரீடர்:

மேல எல்லாரும் அருமையா சொல்லிட்டாங்க. நான் ப்ரூஃப் பாக்குற தொழில்ல இருக்கேன், கம்பெனி மெயில்ல திரும்பத் திரும்ப என் கண்ணுல படுறதை மட்டும் சொல்றேன்.

'ப்ளீஸ் கன்ஃபார்ம் மி' வேண்டாம், 'ப்ளீஸ் கன்ஃபார்ம் தட் தி ஷிப்மென்ட் ஹாஸ் லெஃப்ட்' போதும். 'ரிப்ளை மி' வேண்டாம், 'ரிப்ளை டு மி'. 'ஹி ஆஸ்க்ட் மி தட் வென் இட் வில் கம்' ரொம்ப வருது, கேள்வின்னா 'தட்' வேண்டவே வேண்டாம், 'ஹி ஆஸ்க்ட் மி வென் இட் வுட் கம்'. 'வி வான்ட் தட் யூ ஷுட் அப்ரூவ்' இதுவும் நம்ம 'அப்ரூவ் பண்ணணும்னு விரும்புறோம்'லேர்ந்து வர்றது, 'வான்ட்'டுக்கு 'தட்' ஒத்துக்காது, 'வி வான்ட் யூ டு அப்ரூவ்'. 'ஹோப்' நேர் எதிர், அதுக்கு 'தட்'தான், 'ஹோப் யூ டு அப்ரூவ்'னு எழுதக்கூடாது.

ரொம்ப முக்கியமானது 'அஷ்யூர்', 'என்ஷ்யூர்'. காதுல கிட்டத்தட்ட ஒண்ணு, எழுத்துல வேற வேற ஆளுங்க. ஒருத்தருக்கு உறுதி சொல்றது 'அஷ்யூர்', அதனால ஆள் கட்டாயம், 'வி அஷ்யூர் யூ தட்'. ஒரு வேலை நடக்குற மாதிரி பாத்துக்குறது 'என்ஷ்யூர்', அதுல ஆளுக்கு இடமே இல்ல, 'வி வில் என்ஷ்யூர் தட்'. 'வி அஷ்யூர் தட்'னு நான் வாரத்துக்கு நாலஞ்சு தடவையாவது திருத்துறேன்.

'டெல்'லுக்கு ஆள் கட்டாயம்னு மனப்பாடம் பண்ணிட்டு ஒரு இடத்துல ஏமாறாதீங்க. 'ஐ கேன் டெல் தட் யூ ஆர் டயர்ட்'னு வரும், ஆள் இல்ல, தப்பும் இல்ல. அங்க 'டெல்'லுக்குச் சொல்றதுன்னு அர்த்தமே இல்ல, பாத்தே கண்டுபிடிச்சுட்டேன்னு அர்த்தம். 'தி க்யூசி குட் டெல் தட் தி ஷேட் வாஸ் ஆஃப்'னு (க்யூசின்னா தரம் பாக்குறவங்க) உங்க துறையிலயே தாராளமா எழுதலாம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

மொழியியல் தம்பி திருத்தினது சரி, ஏத்துக்கிறேன். எச்சரிக்கும் நம்பவைக்கும் வர்ற 'என்னை'யை நான் யோசிக்கவே இல்ல.

அகராதி பாக்குறதைப் பத்தி ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு, அதுதான் உனக்கு நாளைக்கே உதவும்மா. இந்தச் சிக்கலுக்காகவே ஒருத்தர் ஆயுசைச் செலவழிச்சிருக்கார், ஹார்ன்பின்னு பேர். 1924ல ஜப்பானுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவர். அவரும் கூட இருந்தவங்களும் வெளிநாட்டு மாணவர்களுக்குன்னே தயார் பண்ண அகராதி 1942ல டோக்கியோல வந்துச்சு, அப்புறம் 1948ல ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டாங்க, இன்னிக்கு கடையில கிடைக்கிற ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதோட வழிதான். ஒவ்வொரு வினைக்குப் பின்னாடியும் என்ன வரும்னு மாதிரி மாதிரியா பிரிச்சு நம்பர் போட்டார். என்கிட்ட 1974ல வந்த மூணாம் பதிப்பு இருக்கு, அட்டை போயிடுச்சு, நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கேன். அதுல 25 மாதிரி. 'தட்' மட்டும் வர்றது 9, ஆளும் 'தட்'டும் சேர்ந்து வர்றது 11. 'இன்ஃபார்ம்' பக்கத்தைத் திறந்தா அந்த 11 நிக்கும்.

இப்ப வர்ற பதிப்புல நம்பரெல்லாம் எடுத்துட்டாங்க, அதை விட சுலபமா வச்சிருக்காங்க. 'எஸ், பி'ன்னு ரெண்டே எழுத்து இருக்கும், அது சம்படிங்கிறதோட சுருக்கம், ஆளோட இடம். வினையைத் தேடி அந்த ரெண்டு எழுத்து எங்க நிக்குதுன்னு மட்டும் பாரு. வினையை ஒட்டியே நின்னா ஆளை நேரா வை. முன்னாடி 'டு' இருந்தா 'டு' போடு. அடைப்புக்குறிக்குள்ள இருந்தா வச்சாலும் வைக்காட்டியும் உன் விருப்பம். அர்த்தம் பாத்ததும் மூடிடுறோம், அந்த ரெண்டு எழுத்தை யாரும் பாக்குறதில்ல, எனக்கு அது எப்பவும் வருத்தம்.

கோவை_பையன்:

இப்ப போன்லயே ஆன்லைன் டிக்‌ஷனரில 'சஜஸ்ட்' போட்டுப் பாத்தேன். 'டு' இருக்கு, அதுவும் அடைப்புக்குறிக்குள்ள. இவ்வளவு நாள் இந்தப் பக்கத்தை எத்தனை தடவை திறந்திருப்பேன், கவனிச்சதே இல்ல. அந்த மில்லு மேனேஜர் விஷயம் படிச்சப்புறம் நான் மேல சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கிறேன். நண்பர்களுக்குள்ள 'சஜஸ்ட் மி' போடுவேன், க்ளையண்ட் மெயில்ல போடமாட்டேன்.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஜெர்மனி அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு, நாலு வருஷமா இது என் ஸ்கூலோட குறைன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

இன்னிக்கு சாயங்காலம் ஷேட் விஷயமா அடுத்த மெயில் போகணும், நானே யோசிச்சு எழுதியிருக்கேன், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க. 'தி டையிங் யூனிட் எக்ஸ்ப்ளெயின்ட் டு அஸ் தட் தி ஃபர்ஸ்ட் லாட் நீடட் ரீடையிங். வி வேர் டோல்ட் திஸ் மார்னிங் தட் இட் வாஸ் ரெடி. தி யூனிட் மேனேஜர் ப்ராமிஸ்ட் அஸ் தட் ஹி வுட் டெலிவர் இட் பை தர்ஸ்டே. வி அஷ்யூர் தட் தி ஷேட் வில் மேட்ச் தி அப்ரூவ்ட் லேப் டிப். ப்ளீஸ் கன்ஃபார்ம் தட் வி கேன் கோ அஹெட் வித் கட்டிங்.'

'ஹி வுட்'னு போட்டிருக்கேன் பாருங்க, 'ஐ வில்' இல்ல.

மெட்ராஸ்_ப்ரூஃப்ரீடர்:

'வி அஷ்யூர்'க்கு அப்புறம் 'யூ' எங்க?

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:

ஐயோ, ஆமா. 'வி அஷ்யூர் யூ தட்'. சேர்த்துட்டேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

மத்ததெல்லாம் சரிம்மா. தைரியமா அனுப்பு.